மூன்று இழுப்பும் ஒரு வெள்ளைத் துணியும்

என் அண்ணன் ஒரு பூட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பான். பிறகு பத்தடி நடப்பான். நின்று யோசிப்பான். திரும்பி வந்து இன்னும் மூன்று முறை இழுப்பான். அவன் வேலை பார்க்கும் ரைபிள் கிளப்பில் அவனுக்கு ‘மூணு இழுப்பு’ என்று பெயர். கணக்குப்படி ஆறு இழுப்பு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இருக்கிற பெயரே போதும்.

அதே கிளப்பின் அலுவலகத்தில்தான் நானும் டைப் அடிக்கிறேன். எனக்கு நாற்பத்து நாலு வயது. முடியில் பாதி வெளுத்துவிட்டது. ஆனாலும் அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். சின்ன வயதில் பால் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பான், நான் திருட்டுத்தனமாகக் குடிக்கிறேனா என்று பார்க்க. ஒரே ஒரு தடவை குடித்தேன். கோடு என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த ஒரு தடவையை வைத்துக்கொண்டு உலகத்தில் எல்லோரும் பாலைக் குடித்துவிடுவார்கள் என்று முடிவு கட்டிவிட்டான். சில நாள் தோன்றும், அன்றைக்கு மட்டும் நான் அந்தப் பாலைத் தொடாமல் இருந்திருந்தால் ஊரில் எத்தனையோ பேர் நிம்மதியாக இருந்திருப்பார்களே என்று.

கிளப்பின் ஆயுத அறை அவன் பொறுப்பு. இருபத்திரண்டு வருஷம். பன்னிரண்டு துப்பாக்கிகள், ஒரு இரும்பு அலமாரி, தோட்டாப் பெட்டிகள், ஒரு நீள மேஜை. மேஜை மேல் எண்ணெய்ப் புட்டி, துடைக்கிற கம்பி, பித்தளை பிரஷ், சதுரம் சதுரமாக வெட்டிய வெள்ளைத் துணிகள். அந்தத் துணி எல்லாம் அண்ணியின் பழைய படுக்கை விரிப்பு. பழையது என்று அண்ணன் சொல்வான். “விரிச்சு மூணு மாசம் ஆகல, அதுக்குள்ள பழசாம்” என்று அண்ணி என்னிடம் பொருமுவாள். “வீட்ல இருக்கிற எல்லாத்தையும் தினம் எண்ணிப் பாக்குறாரு. ஒரு நாள் என்னையும் எண்ணிப் பாத்துட்டு, ஒண்ணுதானா, இன்னொண்ணு எங்கன்னு கேக்கப்போறாரு பாரு.”

நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் சந்தேகம் எப்போதும் வீணாய்ப் போனதில்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு உறுப்பினர் சாக்ஸுக்குள் தோட்டா ஒளித்துக்கொண்டு போனதைக் கையும் களவுமாகப் பிடித்தவன் அவன்தான். ஆள் நடக்கிற நடை சரியில்லை என்று பிடித்தான். அன்றிலிருந்து அவன் ஒருவரைச் சந்தேகப்பட்டான் என்றால் செகரட்டரி பாதி விசாரணை முடிந்த மாதிரி தலையை ஆட்டுவார். அதுதான் பிற்பாடு வினையாகப் போனது.

புதுத் துப்பாக்கி வந்தது ஒரு திங்கட்கிழமை. பாயிண்ட் டூ டூ. தோட்டாவின் அடிவட்டத்து விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கிற வகை. எங்கள் கிளப்பிலேயே நன்றாகச் சுடுகிறவள் ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் வார்டு டியூட்டி பார்த்துவிட்டு நேராக இங்கே வந்து, யூனிஃபார்முக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு படுத்துச் சுடுவாள். அவளுக்காகத்தான் செகரட்டரி அதை வரவழைத்தார். அணித் தேர்வுக்கு நான்கு வாரம் இருந்தது. தேர்வில் குறி பார்த்துக்கொள்ள ஐந்தே ஐந்து குண்டுதான் கொடுப்பார்கள். ஆறாவது குண்டிலிருந்து மதிப்பெண்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் அண்ணன் அதன் ஆறு பக்கத்தையும் தடவிப் பார்த்தான். “வழியில யாரோ திறந்திருக்காங்க” என்றான்.

“திறந்து பாக்காம எப்படி அனுப்புவாங்க? துப்பாக்கி அண்ணே அது, துடைப்பம் இல்ல” என்றேன்.

உள்ளே துப்பாக்கியோடு ஒரு சின்னப் புத்தகமும் இருந்தது, பராமரிப்பு பற்றி. அண்ணன் அதை இரண்டு விரலால் எடுத்து என்னிடம் நீட்டினான். “விக்கிறவன் எழுதினது. அவன் பொருளை அவன் எப்படிக் குறை சொல்லுவான்? நீ வச்சுக்க.” நான் அதை என் மேஜை இழுப்பறையில் போட்டேன். நானும் படிக்கவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு.

வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. முதலில் கம்பெனியில் தடவி அனுப்பிய கிரீஸை முழுக்க எடுத்தான். கம்பியைக் குழலின் பின்பக்கமாகத்தான் விடுவான். வாய்ப்பக்கமாக விட்டால் உதட்டில் கம்பி உரசும், குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது, அங்கே ஒரு கீறல் விழுந்தால் குண்டு கோணிக்கொண்டு போகும். பிறகு புதுக் குழலைச் சுட்டுப் பழக்குவது. ஒரு குண்டு சுட்டு ஒரு துடைப்பு, இப்படிப் பத்து. ஐந்து குண்டு சுட்டு ஒரு துடைப்பு, இப்படி இன்னொரு பத்து. இடையில் செகரட்டரி ஆசையாகக் கையில் எடுத்து, தோட்டா இல்லாமல் சும்மா விசையை இழுக்கப் போனார். அண்ணன் அவர் கையையே தட்டிவிட்டான். “வெறும் குழல்ல இழுத்தா ஊசி போய் விளிம்புல இடிக்கும் சார். வாய் மழுங்கிப் போயிடும்.” செகரட்டரி கையைத் தடவிக்கொண்டே போனார்.

இதெல்லாம் முடிந்த பிறகும் அண்ணன் துடைப்பதை நிறுத்தவில்லை. மற்ற பன்னிரண்டையும் மாதம் ஒரு முறைதான் குழல் துடைப்பான், அவை பழகின துப்பாக்கிகள், யாரும் ஆசைப்பட்டுத் தொடமாட்டார்கள் என்று நினைப்பு. இது புதுசு. எல்லோர் கண்ணும் இதன்மேல். அதனால், காலையும் சாயங்காலமும் சுடுகிற நர்ஸ் தினம் சாயங்காலம் சுட்டு முடித்ததும், கரியைக் கரைக்கிற கரைப்பான் போட்டு, துணி வெள்ளை வெளேரென்று வரும்வரை துடைத்து, மெல்லிசாக எண்ணெய் விட்டு, அலமாரியில் வைத்து, பிடியைச் சுற்றி ஒரு நூலும் கட்டுவான். காலை ஏழு மணிக்கு வந்ததும் முதல் வேலையாக ஒரு வெள்ளைத் துணியைக் குழலுக்குள் விட்டு இழுப்பான். ராத்திரி யாராவது சுட்டிருந்தால் துணி கறுப்பாக வரும் இல்லையா, அதற்கு.

மூன்றாம் நாள் காலை துணி கறுப்பாக வந்தது.

அவன் அதை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, என் மேஜையில் வைத்தான். முகத்தில் பயமும் இல்லை, கோபமும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரிந்த முகம். பால் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த அதே முகம்.

“நேத்து சாயங்காலம் கடைசித் துணி வெள்ளை. இன்னைக்குக் காலைல முதல் துணி இது. நடுவுல என்ன நடந்துச்சு, சொல்லு பார்ப்போம்.”

“தோட்டா குறையுதா?”

“குறையல. அதான் எனக்குப் பெரிய சந்தேகமே.” வெளியிலிருந்து தோட்டா கொண்டு வருகிறானாம்.

“நூல்?”

“அறுபடல. அவிழ்த்துட்டு மறுபடி கட்டியிருக்கான். கைதேர்ந்தவன்.”

இல்லாத ஒன்றையே இவன் சாட்சியாக்குகிறான், இவனிடம் யார் பேசி ஜெயிப்பது?

அதே வாரம் நர்ஸும் புகார் சொன்னாள். காலையில் முதல் பத்துப் பன்னிரண்டு குண்டு தாறுமாறாகப் போகிறது, அதற்குப் பிறகு ஒரே துளையில் போய் விழுகிறது என்று. “தேர்வுல அஞ்சுதான் குடுப்பாங்க. மிச்சம் ஏழு குண்டுக்கு நான் எங்க போவேன்?” என்று அட்டையை என் முன் விரித்தாள். கறுப்பு வட்டத்தைச் சுற்றிக் கொசு கடித்த மாதிரி சிதறிய ஓட்டைகள்.

அண்ணனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. “ராத்திரி எவனோ சுட்டுட்டு, குறிபார்க்கிற திருகைத் திருப்பி வச்சிட்டுப் போறான்” என்றான். திருகு திருப்பப்பட்டிருந்தால் பதின்மூன்றாவது குண்டு எப்படிச் சரியாகப் போகும் என்று நர்ஸ் கேட்டாள். அவன் காதில் அது விழவே இல்லை.

அடுத்தது யார் என்கிற கேள்வி. ஆயுத அறைக்கு இரண்டு சாவி. ஒன்று அண்ணன் இடுப்பில். இன்னொன்று அலுவலக பீரோவில், ஒட்டிய கவருக்குள். கவரின் ஒட்டு கொஞ்சம் சுருங்கியிருந்தது. அண்ணன் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான்.

“பாப்பா, இதை நீ தொட்டியா?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கவரைக் கிழித்து அவன் முகத்தில் வீசியிருப்பேன். “ஆமாம் அண்ணே. ராத்திரி பன்னண்டு மணிக்குச் சுவர் ஏறிக் குதிச்சு வந்து சுட்டுட்டுப் போறேன். பொழுது போகல.”

அவன் சிரிக்கவில்லை. ஒரு நொடி என்னைப் பார்த்தான். நிஜமாகவே யோசித்தான், பாவி. பிறகு, “நீ இல்ல. உனக்கு முழங்கால் வலி” என்றான்.

கடைசியில் காவலாளி மேல் வந்து நின்றது. இரவுக் காவலாளிக்குக் கிளப்பில் ‘கொட்டாவி’ என்று பெயர். பேச்சுக்கு நடுவே கொட்டாவி விடுவார், சம்பளம் வாங்கும்போதும் விடுவார். ஐம்பதைத் தாண்டியவர். கேட்டுக்குப் பக்கத்தில் கிளப் கொடுத்த ஒற்றை அறையில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போகும். அவருக்கு வேறு வீடும் இல்லை, வேறு ஊரும் இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கொட்டாவி நன்றாக நடித்துக் காட்டுவார். ஒரு சாயங்காலம் உறுப்பினர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, காற்றில் ஒரு பூட்டைப் பூட்டி, மூன்று முறை இழுத்து, பத்தடி நடந்து, தாடையைச் சொறிந்து, திரும்பி வந்து மறுபடி மூன்று முறை இழுத்துக் காட்டினார். ஆறு என்று எண்ணிவைத்திருந்த ஆள் என்னைத் தவிர அவர் ஒருவர்தான். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன். அதையும் அவன் பார்த்தான்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை காலை எட்டுக் கவர்களோடு அவன் செகரட்டரி அறைக்குப் போனான். எட்டுக் கறுப்புத் துணிகள். செகரட்டரி ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டு, “எழுத்துல குடுங்க” என்றார். எழுத்து என்றால் நான்தான். அண்ணன் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘இரவு நேரத்தில் ஆயுத அறைப் பக்கம் நடமாட வாய்ப்புள்ள ஒரே நபர்’ என்று அடிக்கும்போது என் கை கூசியது. ஆனாலும் அடித்தேன். செகரட்டரி அன்றைக்கே கொட்டாவியைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

கொட்டாவி என் மேஜைக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. “நான் துப்பாக்கியத் தொட்டதே இல்லம்மா. எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. அதனாலதான் ராத்திரி வேலை கேட்டு வாங்கினேன்” என்றார். அன்றைக்கு அவர் கொட்டாவி விடவில்லை.

அன்று மதியம் அண்ணனுக்குக் குளிர்க்காய்ச்சல் வந்து, பாதி வேலையில் வீட்டுக்குப் போய்விட்டான். இரண்டு நாள் படுக்கை. ஒட்டிய கவரை செகரட்டரி முன்னால் கிழித்து, சாவியை நான் எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் நர்ஸ் சுட்டு முடித்ததும் அவன் போன் பண்ணி, “துடைச்சியா? கரைப்பான் போட்டியா? துணி வெள்ளையா வந்துச்சா?” என்று கேட்டான். “ம்” என்றேன். துடைக்கவில்லை. எனக்குத் துடைக்கத் தெரியாது, தெரிந்தாலும் அன்றைக்கு இருந்த கடுப்பில் செய்திருக்கமாட்டேன். அப்படியே அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரே இழுப்பு.

வியாழன் காலை நர்ஸ் சுட்ட முதல் குண்டு நடு வட்டத்தில் விழுந்தது. இரண்டாவது அதன் மேலேயே. வெள்ளியும் அப்படித்தான். அந்த இரண்டு ராத்திரியும் காவலுக்கு இருந்தது சாட்சாத் கொட்டாவிதான். ஞாயிறு வரை அவருக்கு வேலை இருந்ததே.

நர்ஸ் அட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள். “நீங்க ஏதாவது செஞ்சீங்களா?”

“ஒண்ணுமே செய்யல.”

“அப்ப அதேதான் காரணம்னு நினைக்கிறேன்” என்றாள்.

கொட்டாவி இருக்கிறார், துப்பாக்கி சரியாகச் சுடுகிறது. அண்ணன் இல்லை, துப்பாக்கி சரியாகச் சுடுகிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? அந்த டீ நேரத்துச் சிரிப்பு என் நினைவுக்கு வந்தது. வாசலில் நின்ற அவன் முகம் வந்தது. பூட்டிய அறைக்குள் காலை ஏழு மணிக்குத் தனியாக இருக்கிற ஆள் அவன் ஒருவன்தான். கறுப்புத் துணியை வெளியே எடுத்துக்கொண்டு வருகிறவனும் அவன் ஒருவன்தான். கூடப் பிறந்தவனைப் பற்றி இப்படி நினைக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனால் நினைத்தேன். ஒரே வீட்டு ரத்தம்.

வெள்ளி சாயங்காலம் அட்டைகளை அவன் கட்டிலில் விரித்தேன். போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். கண் பளபளத்தது.

“பாத்தியா! புகார் போனதும் பயந்துபோய் நிறுத்திட்டான். நான் சொன்னேன்ல?”

“அண்ணே, அந்தக் கறுப்புத் துணியெல்லாம் நீயா செஞ்சு வச்சதா?”

அண்ணி கையில் வைத்திருந்த கஞ்சி டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள். அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். இத்தனை வருஷத்தில் அவனை யாரும் சந்தேகப்பட்டதில்லை. அது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவே தெரியாது.

“என்னையா கேக்குற?” என்றான். “பாப்பா, என்னையா?”

“உன்னத்தான். கவரைத் தொட்டியான்னு நீ என்னைக் கேக்கல?”

அவன் போர்வையை உதறித் தள்ளினான். பிறகு, “சோதிச்சுப் பாத்துடலாம்” என்றான். அதுதான் என் அண்ணன். அவமானத்தைக்கூட அவனால் சோதித்துப் பார்க்காமல் விட முடியாது.

சோதனையை நர்ஸையும் சேர்த்து மூன்று பேருமாகத்தான் வகுத்தோம். சனிக்கிழமை சாயங்காலம் நர்ஸ் சுட்டு முடித்தாள். நானும் அவளும் பார்க்க அண்ணன் குழலைத் துடைத்தான். கடைசித் துணி வெள்ளை. நர்ஸ் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தாள். எண்ணெய் விட்டான். அலமாரியில் வைத்துப் பூட்டினான். அறைக்கதவில் அவன் பூட்டு ஒன்று, என் சைக்கிள் பூட்டு ஒன்று. கதவு இடுக்கில் காகிதம் ஒட்டி மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். என் பூட்டின் சாவியும் பீரோக் கவரில் இருந்த சாவியும் என் கழுத்துச் சங்கிலியில். அண்ணன் சாவி நர்ஸ் கையில். அன்றைக்குக் காவலுக்கு வேறு ஆள். கொட்டாவியை நர்ஸ் தன்னோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் டியூட்டி முடியும்வரை வார்டு வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காகிதம் கிழியாமல் அப்படியே இருந்தது. அண்ணன் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பூட்டுகளை இழுத்துப் பார்த்தான். நான் எண்ணவில்லை. உள்ளே போனோம். ஒரு புதுத் துணியைக் கம்பி நுனியில் மாட்டி, பின்பக்கமாக விட்டு, மெதுவாகத் தள்ளினான். மறுபக்கம் துணி வந்து விழுந்தது.

கறுப்பு.

முதலில் அவன் ஜன்னலைப் பார்த்தான். கம்பி போட்ட ஜன்னல், பூனைகூட நுழைய முடியாது. கூரையைப் பார்த்தான். நர்ஸைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பார்க்க வேறு யாரும் மிச்சம் இல்லை. கையிலிருந்த துணியைப் பார்த்தான்.

நான் என் இழுப்பறையிலிருந்து அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து வந்திருந்தேன். நேற்று ராத்திரிதான் முதல் தடவையாகப் படித்தேன். எல்லாம் அதில் இருந்தது. துடைத்து எண்ணெய் விட்டு வைத்தால், குழலுக்குள் வெட்டியிருக்கிற வரியில் ஒட்டிக்கொண்டிருக்கிற பழைய கரியும் ஈயமும் எண்ணெயில் ஊறி மேலே வரும். மறுநாள் துணி கறுப்பாக வருவது அதனால்தான். இந்த வகைத் தோட்டாவில் குண்டின் மேல் மெழுகு இருக்கும். சுடச் சுட அந்த மெழுகு குழலுக்குள் ஒரு பூச்சாகப் படியும், அந்தப் பூச்சு படிந்தால்தான் குண்டு ஒரே இடத்தில் போகும். தினம் துடைத்தால் தினம் பூச்சு போகும். அது மறுபடி படிய பத்துப் பன்னிரண்டு குண்டு வேண்டும். இந்தத் துப்பாக்கியை, குறி கலையும்வரை, துடைக்கவே வேண்டாம் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் வாசித்து முடித்தேன்.

“அப்ப யாரும் சுடல” என்றான் அண்ணன்.

“யாரும் தொடவே இல்ல, உங்களத் தவிர” என்றாள் நர்ஸ். ராத்திரி முழுக்க விழித்த கண்கள், ஆனால் குரலில் கடுமை இல்லை. “எங்க வார்டுல சிலர் இருப்பாங்க. ஆறுதா ஆறுதான்னு கட்டை அவுத்து அவுத்துப் பார்ப்பாங்க. அவங்க புண்ணுதான் சார் ஆறவே ஆறாது.”

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். எனக்கு அவன்மேல் ஒரு மலையளவு கோபம் இருந்தது. அவன் உட்கார்ந்த விதத்தைப் பார்த்ததும் அதில் பாதி கரைந்துபோய்விட்டது. மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு சொன்னேன். “சாயங்காலத்துக்குள்ள அவங்க ரூமைக் காலி பண்ணணும் அண்ணே.”

“எழுதிக்க” என்றான்.

அலுவலகத்தைத் திறந்து, அவன் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘தவறு என்னுடையது’ என்ற இடத்துக்கு வந்ததும் நின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தையை அவன் சொல்லி நான் அடித்ததில்லை. “‘தவறு நேர்ந்துவிட்டது’ன்னு போட்டுக்கலாமா?” என்றான். நான் திரும்பிப் பார்த்தேன். “சரி சரி, என்னுடையதுன்னே போடு” என்றான்.

செகரட்டரி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார். “இது உங்க ஃபைல்ல நிக்குமே, யோசிச்சீங்களா?” என்று கேட்டார். “நிக்கட்டும் சார்” என்றான் அண்ணன். அவர் பழைய உத்தரவை ரத்து செய்து அடியிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் கேட்டுப் பக்கம் வேகவேகமாக நடந்தான். நான் பின்னால் ஓடினேன். அறைக்கு வெளியே நான்கு மூட்டைகள் கட்டி வைத்திருந்தார்கள். கொட்டாவியின் மனைவி ஐந்தாவதைக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் வருவதைக் கொட்டாவி பார்த்தார். கும்பிடவில்லை, திட்டவும் இல்லை. குனிந்து முதல் மூட்டையின் முடிச்சை அவிழ்த்தார்.

“பாத்துக்குங்க சார்” என்றார். “கிளப் பொருள் எதையும் நான் எடுத்துட்டுப் போகல.”

“வேண்டாம். கட்டுங்க” என்றான் அண்ணன். அவரை அவன் ‘ங்க’ போட்டுப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“இல்ல சார், நல்லாப் பாத்துடுங்க. அப்புறம் ஒரு பேச்சு வரக்கூடாது.” இரண்டாவது மூட்டையை அவிழ்த்தார். பாத்திரங்கள். மூன்றாவது. போர்வை, தலையணை, மனைவியின் புடவைகள். ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் காட்டினார். “டார்ச் கிளப்போடது. மேஜை மேல வச்சிட்டேன். பேட்டரி மட்டும் நான் வாங்கினது, அதையும் உள்ளேயே விட்டுட்டேன்.”

அந்த அம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அண்ணன் காகிதத்தை நீட்டினான். “நீங்க போக வேண்டியதில்ல” என்றான். “நான்தான்… துணி… நான் துடைச்சதாலதான்…” அதற்கு மேல் வரவில்லை. நான் காகிதத்தைப் பிடுங்கி வாசித்துக் காட்டினேன். ‘தவறு என்னுடையது’ என்ற வரியைச் சத்தமாக வாசித்தேன்.

கொட்டாவி முழுக்கக் கேட்டார். “சரிங்க சார்” என்றார். வேறென்ன சொல்வார்? போக்கிடம் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். உதறிய புடவைகளை மனைவியும் அவரும் மடித்து உள்ளே எடுத்துப் போனார்கள்.

நர்ஸ் தேர்வில் மூன்றாவதாக வந்தாள். நான்கு பேருக்கு இடம் உண்டு, ஆக அணியில் இருக்கிறாள். புதுத் துப்பாக்கி அவள் குறி கலையும்வரை துடைக்கப்படுவதில்லை. அண்ணியின் விரிப்புகள் பிழைத்தன. அண்ணன் பூட்டை இப்போதும் மூன்று முறை இழுக்கிறான், அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் பத்தடி போய்த் திரும்பி வருவதில்லை.

ஆனால் கொட்டாவி ஒன்று ஆரம்பித்திருக்கிறார். தினம் காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து அறைக்குப் போகும்போது ஆயுத அறை வாசலில் வந்து நிற்பார். தோள்பையைத் திறந்து அண்ணன் முன்னால் பிடிப்பார். உள்ளே ஒரு டிபன் டப்பா, ஒரு துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில். அண்ணன் பார்க்கும்வரை நிற்பார். பார்த்ததும் மூடிக்கொண்டு போவார். முன்பு போல் யாரையும் நடித்தும் காட்டுவதில்லை.

“நிறுத்தச் சொல்லேன் பாப்பா” என்று அண்ணன் என்னிடம் கேட்டான்.

“நீயே சொல்லு.”

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தான். “இருக்கட்டும் சார், பழகிடுச்சு” என்றார் கொட்டாவி.

வாழ்க்கையில் ஒரு நாள்கூட தாமதமாக வேலைக்கு வராதவன் இப்போது ஏழரை மணிக்கு வருகிறான். கொட்டாவி அதுவரை காத்திருக்கிறார்.